பின்கதவுச் சாவி

போன கோடையில் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். விடாத மழை. விடுதியில் குழந்தைகளுக்கென்று உள்விளையாட்டுக் கூடம் இருந்ததால், என் ஆறு வயது மகளை அங்கே அழைத்துப்போனேன்.

சறுக்குமரம், பந்துத் தொட்டி, தரையெல்லாம் ஸ்பாஞ்ச் மெத்தை. வாணியம்பாடியிலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு பெண் மட்டும் உட்காராமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்கதவு பூட்டியிருந்தது.

"இதோட சாவி எங்கங்க?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"சாரல் அடிக்குதுன்னு பூட்டி வெச்சிருக்கோம். இன்னாம்மா ஆவப்போவுது?"

"தொறந்து வைங்க. அப்புறம்தான் எம்புள்ளைய உள்ள வுடுவேன்."

வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். மேனேஜர் முணுமுணுத்தபடி திறந்துவிட்டார்.

சிறிது நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. முன்வாசலுக்கு மேலிருந்த சுவிட்ச் பெட்டியில் பொறி பறந்தது. அலங்காரத் துணி பற்றியெரிந்து, கீழிருந்த மெத்தைக்குத் தீ தாவியது. கரும்புகை வாசலை மறைத்தது. அந்தப் பெண் பின்கதவருகே நின்று, "இங்க வாங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பந்துகளுக்குள் துழாவி மகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குரலை நோக்கி ஓடினேன். எல்லாக் குழந்தைகளும் மழைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"தெரியாதுங்க. பூட்டியிருந்தது மனசுக்கு ஒப்பல" என்றார்.

சென்ற மாதம் திருப்பத்தூரிலும் அதுபோல ஒரு கூடம். பின்கதவுச் சாவியைக் கேட்டேன். "ஓனர்கிட்ட இருக்குதுங்க" என்றார்கள். அங்கிருந்த தாய்மார்களிடம் மலையில் நடந்ததைச் சொன்னேன்; யாரும் எழுந்திருக்கவில்லை. அழுத மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே விளையாடிய மற்ற பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.