சோறில்லாத ஞாயிற்றுக்கிழமை

கிரனாடாவில் ஒரு கிளாஸ் பியர் வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டில் சாப்பாடு சும்மா வரும். இதைக் கேள்விப்பட்ட நேரம் தொடக்கம் என் கணவருக்கு ஸ்பெயின் பிடித்துப்போயிற்று. மகள் அங்கே படிக்கப் போயிருந்தாள். அவளைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிற பலெர்மோவிலிருந்து இருவரும் போனோம். கால் நோகும்வரை ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு எங்களை ஒரு ஒடுங்கின கடைக்குள் கூட்டிப்போனாள்.

கதிரை இல்லை. எல்லோரும் நின்றபடி சாப்பிட்டார்கள். கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தடிப்பாகச் சுட்ட தோர்த்தில்யா, வெள்ளுள்ளி எண்ணெயில் கொதிக்கக் கொதிக்க வந்த இறால், கீரையும் கடலையும் பிரட்டினது. எல்லாம் உள்ளங்கை அளவுத் தட்டுகளில். “தாப்பாஸ்,” என்றாள் மகள்.

“இது பைற்ஸ் எல்லோ!” என்றார் இவர். குடிக்கும்போது தொட்டுக் கடிக்கிற சாமானை எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வாயில் இறால் இருந்தது, சுடச்சுட. கடைக்காரர் முதல் தட்டை என் முன்னால் வைத்திருந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் யாரோடும் சேர்ந்து சூட்டோடு சாப்பிட்டதில்லை. எல்லோருக்கும் போட்டு முடிய மிஞ்சியதைத்தான் தின்றிருக்கிறேன். எனக்கு அந்தக் கடையில் அழுகை வந்துவிட்டது. உள்ளி உறைக்குது என்று மகளிடம் சமாளித்தேன்.

திரும்பும்போது விமானத்திலேயே இவரிடம் சொல்லிவிட்டேன். “வீட்டிலை இதைச் செய்யப்போறன். செய்து வைச்சிட்டு எல்லாரோடையும் இருந்து சாப்பிடப்போறன்.”

“இருந்து சாப்பிடுமன். ஆர் வேண்டாமெண்டது?”

ஒருவரும் வேண்டாமென்றதில்லை. அதுதானே சங்கதி! ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் என் அண்ணனும் மச்சாளும் சீசா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவார்கள், இல்லாவிட்டால் நாங்கள் அவர்களிடம் போவோம். ஆண்கள் இருவரும் மேசையில் இருப்பார்கள். நான் இருக்கப் போனால் ஒருவருக்கு அப்பளம் வேண்டும். கொடுத்துவிட்டு வந்தால் மற்றவருக்குச் சொதி வேண்டும். கடைசியில் மச்சாளும் நானும் குசினியில் நின்றபடி சட்டியை வழித்துச் சாப்பிடுவோம். சோறு கறி என்றால் போட ஒரு ஆள் வேண்டும். தாப்பாஸுக்கு ஆள் வேண்டாம், அவரவர் கையை நீட்டி எடுக்கலாம். இதை நான் அந்தக் கடையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனால் தோர்த்தில்யா லேசில் வசப்படவில்லை. கிழங்கை மெல்லிசாய் வெட்டி, ஒலிவ் எண்ணெயில் முறுகாமல் அவியவிட்டு, வடித்து, அடித்த முட்டையில் ஊறப்போட்டுத் தாச்சியில் ஊற்ற வேண்டும். அதுவரை சரி. திருப்புவதுதான் சீவன் போகிற வேலை. தாச்சியின்மேல் தட்டைக் கவிழ்த்து ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். முதல் தரம் அரைவாசி அடுப்பில் விழுந்தது. அடுத்த தரம் என் கையில். நான் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோரா என் சுட்ட கையைப் பார்த்துவிட்டு, அது எங்கள் ஊர் முட்டை அடை, பிரித்தாத்தாதானே, இதற்கா இவ்வளவு பாடு என்று சிரித்தார். இவர் முட்டைப் பொரியல் என்றார். என்னவும் சொல்லட்டும் என்று நான் விடவில்லை. போர்கோ வெக்கியோ சந்தையில் கிழங்கு விற்கிறவர் என்னைத் தூரத்தில் கண்டதுமே பையை விரிக்கத் தொடங்கினார். ஒருநாள் அது முழுசாய், வட்டமாய்த் தட்டில் வந்து இருந்தது. குசினியில் தனியே நின்று கை தட்டினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணனையும் மச்சாளையும் சாப்பாட்டுக்கு வரச்சொன்னேன். தண்ணீர், பாண், உப்பு, கை துடைக்கிற கடதாசி எல்லாவற்றையும் முதலே மேசையில் வைத்தேன். நான் எழும்ப ஒரு சாட்டும் இருக்கக்கூடாது. மச்சாள் வழக்கம்போல நேரே குசினிக்குள் போனார்.

“அங்கை ஒண்டுமில்லை மச்சாள், இஞ்சை வந்து இரும்.”

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரிக் கதிரையின் நுனியில் இருந்தார். அண்ணன் ஒரு இறால் எடுத்தார். “நல்லாயிருக்குப் பிள்ளை,” என்றார். ஒரு ஒலிவ் காயைக் கடித்தார். பிறகு இவரும் அவரும் பியரைக் குடித்தபடி கதைத்தார்கள். தட்டுகள் குறையவேயில்லை. தோர்த்தில்யாவை ஒருவரும் தொடவில்லை. உப்புக் கூடிவிட்டதோ என்று அதன் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் வைத்தேன். உப்புச் சரி.

அண்ணன் நிமிர்ந்து இருந்து கையைத் துடைத்தார். “சரி பிள்ளை, பைற்ஸ் காணும். இனிச் சோத்தைப் போடன்.”

அட கடவுளே! இவ்வளவு நேரமும் மனிசர் சோற்றுக்கு வயிற்றில் இடம் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். என் கால் தானாக எழும்பப் பார்த்தது. அரிசி இருந்தது. நேற்றைய மீன்குழம்பும் குளிர்ப்பெட்டியில் இருந்தது. எழும்பினால் எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிடுவார்கள், நான் திரும்பக் குசினியில் நிற்பேன், இனி ஒருநாளும் இந்த மேசையில் இருக்கமாட்டேன். அது எனக்கு வடிவாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“சோறு இல்லை அண்ணை. இதுதான் சாப்பாடு.”

“பகிடி விடாதை.”

“பகிடி இல்லை. வயிறு நிறையச் சாப்பிடுங்கோ, எல்லாம் உங்களுக்குத்தான்.”

பூசை முடிந்து பசியோடு வந்த மனிதர். முகம் கறுத்துவிட்டது. இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இஞ்சரும், ஒரு சுண்டு அரிசியைப் போட்டால் என்ன?”

“போடுங்கோ,” என்றேன். “அரிசி கீழ்த்தட்டிலை இருக்கு.”

சொல்லிவிட்டுத் தோர்த்தில்யாவை வெட்டத் தொடங்கினேன். துண்டு கோணலாகப் போனது. மச்சாள் அரைவாசி எழும்பிவிட்டார். “நான் போட்டிட்டு வாறன், ஒரு நிமிசம்.”

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். “இரும் மச்சாள். உம்மைக் கும்பிட்டன், இரும்.”

இருந்தார். கடைசியில் இவர்தான் எழும்பினார். கோபத்தில் எழும்பினாரா, என்னை நினைத்து எழும்பினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “வா மச்சான்,” என்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சட்டி மூடி ஒன்று விழுந்து உருண்டது. பைப்பில் தண்ணீர் ஓடியது.

மச்சாளுக்கு ஒரு துண்டும் எனக்கு ஒரு துண்டும் வைத்தேன். நடுவில் இன்னும் சூடு இருந்தது. கிழங்கு வாயில் கரைந்தது. மச்சாள் ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“இஞ்சேர்!” அண்ணன் குசினியிலிருந்து மச்சாளைக் கூப்பிட்டார். “அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடுறது?”

வாய் நிறையக் கிழங்கோடு மச்சாள் என்னைப் பார்த்தார். இப்போது எழும்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, இன்னொரு துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்தார்.

“கேக்கட்டும்,” என்றார். “நீர் சாப்பிடும்.”