ரோஜாவில் வட்ட ஓட்டை

பேத்தி மாடித் தோட்டத்து ரோஜாவைக் கொண்டுவந்து காட்டினாள். காசு வைத்து வெட்டினாற்போல இதழெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை. "எதிர்வூட்டுப் பசங்க வேலதான் ஆயா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கூச்சமும்.

செங்கல்பட்டில் கரி ரயில் ஓடிய காலத்தில் எங்கள் ரோஜாவிலும் இதே வட்டம்தான். அந்த ரோஜா அம்மாவின் கொண்டைக்கே போதாது, அது வேறு. புழு கடித்தால் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா? பக்கத்து வீடு தையல்காரர் வீடு. அம்மா நேராக அங்கே போய், "உம் பொண்ணுதான் கத்தரி போட்ருக்கா பாய்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஜைனபு, என் கூட்டாளி. அவள் அப்பா அவள் கையிலிருந்த கத்தரியை வாங்கி, எட்டாத உயரத்தில் வைத்தார்.

மறுநாள் ஒரு தேனீ ரோஜா இதழ்த் துண்டைச் சுமந்துகொண்டு எங்கள் கொல்லைக் கதவின் சாவி ஓட்டைக்குள் நுழைந்தது. அம்மா ஈர்க்குச்சியால் நோண்டினாள். பீடி மாதிரி சுருட்டிய வட்ட வட்ட இதழ்த் துண்டுகள் உதிர்ந்தன.

அம்மா மதிலோரம் போய், "ஜைனபு, வந்து பூ பறிச்சிக்கினு போம்மா" என்றாள்.

"வாணாம் பெரீம்மா. நாளைக்கி ஓட்ட வுழுந்தா மறுபடி எங்க வூட்டுக்குத்தான் வருவ."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எனக்கும் ஜைனபுவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"எதிர்வூட்டுக்குப் போறதுக்கு முன்னால, நம்ம கதவு சாவி ஓட்டையப் பாருடி" என்று பேத்தியிடம் சொன்னேன்.