ஐம்பத்தோராவது தோட்டா

பழைய மாதிரி ரைஃபிளுக்குக் கருமருந்துதான் பொருந்தும். கடையில் விற்கிற தோட்டாக்களில் பெரும்பாலும் இருப்பது இந்தக் காலத்து மருந்து. அதனால் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவரவர் தோட்டாவை அவரவரே வீட்டில் அடைத்துக்கொள்கிறோம். ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிற எங்கள் வீட்டு கராஜில் எனக்கென்று ஒரு மேசை உண்டு. நான் பார்மசிஸ்ட். வாரம் முழுக்க மருந்தை அளந்துவிட்டு சனிக்கிழமையும் மருந்தையே அளக்கிறாயே, அலுக்கவில்லையா என்று தெரிந்த பெண்கள் கேட்பார்கள். அலுக்கவில்லை. இந்த மருந்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பித்தளைக் கூட்டின் அடியில் ப்ரைமர் என்று ஒரு பொட்டு இருக்கும். விசையை இழுத்ததும் தீப்பொறி தருவது அதுதான். கூட்டுக்குள் மருந்து, அதன்மேல் அட்டை வில்லை, அதற்கும் மேல் ஈயக் குண்டு. நடுவே வெற்றிடம் கூடாது, எல்லாம் அழுந்தி உட்கார வேண்டும். ஒழுங்காக அடைத்த தோட்டாவைக் காதருகே ஆட்டினால் சத்தம் வராது. சத்தம் வந்தால் உள்ளே மருந்து குறைவு. அதைச் சுட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே முகத்துக்கு நேரே வெடிக்கும். அதனால் சந்தேகமான தோட்டாவை ஓர் எவர்சில்வர் டம்ளரில் ஒதுக்கிவைத்து, பிறகு நிதானமாகப் பிரித்துவிடுவேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கிற வெள்ளைக்காரர், கிளப்பில் குறி தப்பாதவர் என்று பேர் எடுத்தவர். நோய் வந்து அவருக்கு வலது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடுவதில்லை, மருந்தைக் கூட்டில் கொட்டினால் மேசையில் விழுகிறது என்று அடைப்பதை நிறுத்திவிட்டார். சுடுவதை நிறுத்தவில்லை. ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பழகினார். அதற்குப் பிறகு அவர் போகிற முதல் போட்டிக்கு, என் பரிசாக நான் தோட்டா அடைத்துத் தருகிறேன் என்றேன். அடுத்தவர் அடைத்ததைத் தொடாத மனிதர், சரி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐம்பது குழி உள்ள மரப்பெட்டி. ஐம்பதையும் அடைத்தேன். நடுவில் ஒன்றுக்கு மட்டும் குண்டை அழுத்தும்போது அடைக்கிற கருவியின் லீவர் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆட்டிப் பார்த்தேன், சலசலத்தது. அதை டம்ளரில் போட்டுவிட்டு வேறொன்று அடைத்தேன். பெட்டிக்கு கிஃப்ட் பேப்பர் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். அந்த மாதிரி வேலையெல்லாம் அவருக்கு நன்றாக வரும்.

ஞாயிறு, போட்டி நாள். காலையில், ஒதுக்கிவைத்ததைப் பிரிக்கலாம் என்று கராஜுக்குப் போனேன். டம்ளர் காலி.

"என்னங்க, இதுல ஒண்ணு போட்டிருந்தேனே, எங்க?"

காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அதுவா? கிஃப்ட்லயே வெச்சுட்டேன். ஐம்பதுன்னு சைபர்ல முடியற மாதிரி யாராவது குடுப்பாங்களா? மொய்னா நூத்தியொண்ணுதானே எழுதறோம்? ஒண்ணு எக்ஸ்ட்ரா கெடந்துச்சு, டிஷ்யூல சுத்தி மேல வெச்சேன். அவருக்கும் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணேன். ரொம்ப ஹாப்பி ஆயிட்டார்."

"அது ரிஜெக்ட்டுங்க! உள்ள மருந்து இல்ல. துப்பாக்கி வெடிச்சுதுன்னா? அவருக்கு இருக்கறதே ஒத்தக் கண்ணு!"

தெருக்கோடிக்காரருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு, சுடுகிற மைதானமான ரேஞ்சுக்குள் போகிறவர். நான் காரை எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அந்த ஃப்ரீவேயில் கொட்டித் தீர்த்தேன். நூற்றொன்று எழுதும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் பதில் பேசாமல் ரீடயல் பண்ணிக்கொண்டே வந்தார். பதில் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ரேஞ்சில் போட்டி இன்னும் ஆரம்பிக்கவில்லை. குறி சரிபார்க்கச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகை மண்டிக் கிடந்தது. தெருக்கோடிக்காரர் ஒரு மேசையருகே தனியாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசையில் ரைஃபிள் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு நீளமான பித்தளைக் கம்பியும் ஓர் ஈயக் குண்டும். நல்ல சகுனம் என்று உன் புருஷன் சொன்னாரே என்று அதையே முதலில் போட்டேன், என்றார் இங்கிலீஷில். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். உதைக்கவில்லை, புகையும் வரவில்லை. கருமருந்து சுட்டுப் புகை வராமல் இருக்குமா? அத்தோடு நிறுத்திவிட்டுக் கம்பியால் குண்டைத் தட்டி வெளியே எடுத்திருக்கிறார். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லப்போவதாகவும் சொன்னார். ஐம்பது தோட்டாவோடு பெட்டியை மூடி, மரியாதையாக என் பக்கம் நகர்த்தினார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். தான்தான் எடுத்துப் போட்டதாகவும், எனக்கு எதுவுமே தெரியாது என்றும். தெருக்கோடிக்காரர் முழுக்கக் கேட்டார்.

"கோபமில்லை. ஆனால் பெட்டி உங்கள் வீட்டிலிருந்துதானே வந்தது? எனக்கு இருப்பது ஒரு கண்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன். அது நன்றாகத் தெரிந்ததால்தான் அவ்வளவு அவமானமாக இருந்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கித் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்துத் தெருக்கோடிக்காரரிடம் நீட்டி, ஒருமுறை உங்கள் ரைஃபிளைக் கொடுப்பீர்களா, இதை நான் சுடுகிறேன் என்று கேட்டார். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைத் தாண்டாத மனிதர். துப்பாக்கியைக் கையால் தொட்டதே இல்லை.

"வேணாங்க," என்றேன்.

"ஏன்? நீ அடைச்சதுதானே?"

அடைத்தவள் நான். அந்த நிமிஷம் எனக்கே மற்ற ஐம்பது தோட்டாக்கள்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேனா, இல்லையா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. காரில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

தெருக்கோடிக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காதடைப்பானும் கண்ணாடியும் மாட்டிவிட்டு, ரைஃபிளைத் தோளில் பொருத்தி, கன்னத்தை எங்கே வைப்பது, விரலை எப்போது வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் கன்னத்தைக் கட்டையோடு ஒட்டிவைத்துக்கொண்டு விசையை இழுத்தார்.

இடி மாதிரி சத்தம். புகையில் அவரைக் காணோம். குண்டு எங்கே போனதோ, இலக்கில் படவில்லை. புகைக்குள்ளிருந்து, "ஐயோ, தோளு!" என்று தமிழில் ஒரு குரல் வந்தது.

புகை கலைந்தது. தெருக்கோடிக்காரர் ரைஃபிளை வாங்கித் தன் இடது தோளில் வைத்துக்கொண்டு, "அடுத்தது," என்று என்னிடம் கையை நீட்டினார்.