சலாம் சொல்லாத விவசாயி

எகிப்தின் மன்சூரா நகரப் பாசனத்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த பஹ்கத் பதினெட்டு வருடமாகச் சிறுகதை எழுதினார். கதைக்குக் கதை ஒரு பூதம் வந்துவிடும். மேலிடத்தைத் திட்டவும் வேண்டும், மாட்டிக்கொள்ளவும் கூடாது. அதற்குப் பழங்கதைப் பூதத்தைவிடத் தோதான ஆள் ஏது? அதிகாரியைத் திட்டினால் வேலை போகும். பூதத்தைத் திட்டினால் இலக்கியம் என்பார்கள்.

பூதத்தைக் கண்டால் முதலில் சலாம் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். "உன் சலாம் முந்திக்கிச்சு, இல்லேன்னா எலும்போட மென்னிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அது ஆளை விட்டுவிடும். பஹ்கத்தின் புதுக்கதையில், கால்வாயைக் குடித்துத் தீர்க்கும் பூதத்தின் முன் ஒரு விவசாயி நெஞ்சை நிமிர்த்தி, சலாம் சொல்ல மாட்டேன் என்கிறான். அந்த வரியை எழுதும்போது பஹ்கத்துக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு வீரம்!

கதை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. மனைவி இன்ஷிராஹ் கீரையை ஆய்ந்துகொண்டே படித்தாள். கணவரை அவள் 'நாதிரின் அப்பா' என்று மகன் பெயரால்தான் கூப்பிடுவாள்.

"ஏன் அபூ நாதிர், இந்தப் பூதம் மீசைக்கு மை பூசுது, தர்பூசணி விதையைக் கொறிச்சுத் தோலைத் தரையில துப்புது. அப்படியே உங்க டைரக்டர் ரஅஃபத் பே தானே?"

"அது குறியீடு. உனக்குப் புரியாது."

"எனக்கே புரிஞ்சுபோச்சு, அவருக்குப் புரியாதா? பாலைவனத்துக்குத் தூக்கியடிச்சா நீங்களும் உங்க குறியீடும் போய்ச் சேருங்க. நான் வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்; பெரிய அதிகாரிகளை அங்கே மரியாதையாக 'பே' என்பார்கள். மேசையில் பத்திரிகை விரிந்து கிடந்தது, அதன்மேல் விதைத்தோல்கள். பஹ்கத் வாசலிலேயே நின்றார். பதினெட்டு வருட இலக்கியத்தில் ஒரு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், பே."

பதில் வருமுன் இன்னொரு முறை சொன்னார். மூன்றாவதைக் குனிந்தே சொன்னார்.

ரஅஃபத் பே தோலைத் துப்பிவிட்டு மைமீசை குலுங்கச் சிரித்தார்.

"உம்ம சலாம் முந்திக்கிச்சு, உஸ்தாத். இல்லேன்னா எலும்போட மென்னிருப்பேன். போய் டீ குடியும். அடுத்த தடவை மீசையை மட்டும் விட்டுடும், என் சம்சாரமும் கதை படிக்கிறா."

மத்தியானம் வீட்டுக்கு வந்த பஹ்கத் தலை நிமிராமல் சாப்பிட உட்கார்ந்தார். இன்ஷிராஹ் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை சொன்னீங்க?"

"என்னத்தை?"

"சலாமைத்தான்."

"மூணு."

அவள் இன்னொரு ரொட்டியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.