லேசர் புரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

லேம்ப் புரொஜெக்டரில் பல்பு மாற்றியே மாளவில்லை. லேசர்தான் வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடி வாங்கிய புது புரொஜெக்டர் இன்றுதான் திருவொற்றியூர் ஆபீசுக்கு வந்து இறங்கியது. மத்தியானம் கஸ்டமர் மீட்டிங்.

டீ குடித்துவிட்டு வந்து ஆன் செய்தேன். படமே இல்லை. திரை முழுக்கச் செம்மண் கலங்கியது போல ஒரே மங்கல்.

குனிந்து பார்த்தால், லென்ஸின் நட்டநடுவில் சந்தனம், குங்குமம்!

"யாருண்ணா வெச்சது?" அலறியே விட்டேன்.

சூப்பர்வைசர் அண்ணன் அசரவில்லை. "இன்னா நைனா, புது மிஷினு வந்துகீது, பொட்டு வெக்காம ஆன் பண்ணுவியா? நெத்தி மாரி பளபளன்னு இருந்துச்சு, அங்கயே வெச்சேன்."

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். லென்ஸை உற்றுப் பார்த்தார்.

"கற்பூரம் காட்டியாச்சா?"

லேசர் நல்லதா லேம்ப் நல்லதா என்று இனி யாரும் என்னைக் கேட்காதீர்கள். லென்ஸில் காய்ந்த சந்தனத்தை எதை வைத்துத் துடைப்பது, அதைச் சொல்லுங்கள்.