நெஞ்சளவுத் தண்ணீர்

பொய் சொன்னால் எங்கள் ஊரிலும் அடிதான் விழும். ஆனால் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்கிற வெளியாட்களிடம் மழையைப் பற்றிச் சொல்வது மட்டும் பொய்யில் சேராது. பயிர்ச்சேதம் எழுத வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர். அரைக்காடு உளுந்து அழுகியிருந்தால் முழுக்காடும் போச்சு என்பார்கள். எழுத வருகிறவர்கள் எப்படியும் பாதியாகக் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்பதால் இரண்டும் சரியாகப் போய்விடும்.

இது தெரியாமல்தான் அந்த இன்ஜினியர்கள் வந்து மாட்டினார்கள். நாலு அண்ணன்கள், ஒரு அக்கா. சென்னையில் வேலை பார்க்கிறவர்கள், லீவு நாளில் சொந்தச் செலவில் வந்து, ஊருக்கும் நாகலாபுரம் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஓடையில் நடைபாலம் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பத்து மாசம் வெள்ளாடு மேய்கிற ஓடைதான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அதற்குத் திமிர் வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயசு. அந்தப் பாலம் என் அக்காவுக்காகவே வருகிறது என்று நினைத்திருந்தேன். அக்கா பத்தாவது பாஸாகியிருந்தாள், நல்ல மார்க். மேலே படிக்கவும் ஓடையைத் தாண்டியாக வேண்டும். அப்பாவோ ஒரே பிடியாக நின்றார்: பாலம் வந்தால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டிக் கம்பெனியை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என்ன கல்மனசு இந்த மனுஷனுக்கு என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஓடையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று அந்த இன்ஜினியர் அக்கா கேட்டாள், நோட்டை விரித்துக்கொண்டு. அவ்வளவுதான், ஊருக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. ஒருத்தர் வேப்பமரக் கவட்டை வரை என்றார். மாமா ஒரு படி மேலே போய், பம்புசெட் ரூமே முங்கிவிடும் என்றார். அப்பா அதிகம் பேசவில்லை. "ஆளு முங்கிரும்மா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாடிய முகத்தோடு வந்தார்கள். பாவம், எல்லாவற்றையும் அப்படியே நம்பி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவ்வளவு தண்ணீருக்கு மேலே பாலம் நிற்க வேண்டுமென்றால் தூண் அவ்வளவு உயரம் வேண்டும், அதுவும் மழைக்கு ஊதி வெயிலுக்கு வெடிக்கிற கரிசலில். திரட்டி வைத்திருக்கும் கம்பியும் இரும்புக் கயிறும் காணாது, இந்த வருஷம் வேறு ஊரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். என் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ!

"அப்பா பொய் சொல்லுதாவ! தண்ணி அவிய நெஞ்சு வரைக்கும்தான் வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்!"

பார்த்தது உண்மை. போன கார்த்திகையில் அரைப்பரீட்சை எழுத அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா ஓடையில் இறங்கினார். அக்கா ஒல்லிப்பிச்சான், தூக்கலாம். நெஞ்சளவுத் தண்ணீரில் அவர் போவதைப் பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

"ஏட்டி, வாய மூடுதியா இல்லியா?" என்று அத்தை என் தோளைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். இன்றைக்கு முதுகு பழுத்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிள்ளை சொல்லுததுதான் சரி. நெஞ்சளவுன்னே எழுதிக்கோங்க" என்றார் அப்பா.

அப்புறம் பார்க்க வேண்டுமே! வேப்பங்கவட்டையில் நின்ற தண்ணீர் அடிமரத்துக்கு இறங்கியது. மாமாவின் பம்புசெட் ரூம் வாசற்படியோடு தப்பித்தது. பத்து நிமிஷத்தில் ஊரே சேர்ந்து வெள்ளத்தை வடித்துவிட்டது. இன்ஜினியர் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் இந்த முறை வாயை நம்பவில்லை. கருவேல முள்ளில் வெள்ளம் விட்டுப்போன சருகும் கூளமும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று டேப் பிடித்து அளந்தார்கள். நெஞ்சளவுதான்.

எல்லாரும் கலைந்த பிறகு அப்பா இன்ஜினியர் அக்காவைத் தனியாக ஓடைக்குள் கூட்டிப்போய், ஓர் இடத்தில் மூங்கில் கழியைக் குத்திக் காட்டினார். வண்டல் மூடியிருந்த இடத்தில் கழி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மானத்தைக் காப்பாற்ற மனுஷன் எதையோ காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பாலத்தை மேற்கே தள்ளிப் போட்டார்கள். ஊர் கூடிக் குழி வெட்டியது. ஐப்பசிக்கு முன்னால் பாலம் நின்றது. முதல் மழையில் அக்கா சீருடை நனையாமல் பள்ளிக்கூடம் போனாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள்.

அப்பாவின் பொய்யை நான் பிடித்த கதையை வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். கல்யாண வீட்டில் கேட்டால்கூடச் சொல்வேன். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். போன பொங்கலுக்குச் சொன்னபோது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடின பிறகு, நடு ஓடையில், பின்னால் கழியைக் குத்திக் காட்டிய அதே இடத்தில், அப்பாவின் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. தலை முழுசாக முங்கிவிட்டது. அக்காவை மட்டும் இரண்டு கையாலும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கண் தெரியாமல், மூச்சில்லாமல் அடியிலேயே நடந்து கரையேறியிருக்கிறார். வீட்டில் சொல்லிவிடாதே என்று ஒரு வார்த்தை. அதோடு அவளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டார்.

அன்று ஊர்க்கூட்டத்தில் கூட்டிச் சொல்லாத ஒரே ஆளைத்தான் நான் பொய்யன் ஆக்கியிருக்கிறேன். அப்பாவிடம் போய், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று அவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"மெல்லப் பேசு. தெரிஞ்சிருந்தா, பாலமே கட்டுனாலும் உங்கம்மா அவள அந்தப் பக்கம் விட்டிருக்க மாட்டா."