ஆள் வராத கல்லறை

கல்லறைத் திருநாளன்று பினாங்கில் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். பக்கத்தில், யாரும் வராத ஒரு கல்லறையில், வெள்ளை முக்காடு போட்ட மூதாட்டி ஒருவர் மெழுகுவத்தி ஏற்றிக் காற்றைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

“சொந்தக்காரங்களா ஆன்ட்டி?”

“யாருன்னே தெரியாது தம்பி. எங்கப்பா துறைமுகத்துல மூட்ட தூக்குனவரு. நான் வயித்துல இருக்கும்போது ஜப்பான்காரன் காலத்துல பட்டாளத்துல சேர்ந்து பர்மாவுக்குப் போனாரு. இருபத்திரண்டு வயசுல சண்டையில செத்துட்டாரு. பொணம்கூட வரல. இங்க ஆளில்லாத கல்லறையில நாம ஏத்துனா, அங்க யாராச்சும் அவருக்கு ஏத்துவாங்கன்னு அம்மா சொல்லும். அம்மா போன பெறகும் வருஷா வருஷம் ஏத்துறேன்.”

“கண்டிப்பா ஏத்துவாங்க ஆன்ட்டி.”

“அந்த பர்மாக் காட்டுல யாரு இருக்கா தம்பி?”

கையை எடுத்துவிட்டார். சுடர் அணைந்தது. தீப்பெட்டி மடியிலேதான் இருந்தது. அவர் மறுபடி ஏற்றவில்லை.